ஒன்பதடிக் கரையும் இரண்டு பிளாஸ்டிக் டாங்கிகளும்

தாண்டவராயன் பஸ் டிரைவர். செங்கல்பட்டில் வண்டியை எடுத்தால் திருக்கழுக்குன்றம், அங்கிருந்து மகாபலிபுரம், பிறகு வந்த வழியே திரும்பல். ஒரு நாளைக்கு நாலு நடை. கடைசி நடை முடிந்து டிப்போவில் இறங்கும்போது இடுப்பு தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதர் வாரத்தில் கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பாலசுப்ரமணியன் வீட்டுக்குப் போய்த் தரையில் டாங்கிச் சண்டை போடுவார்.

பாலசுப்ரமணியன் நில அளவை ஆபீசில் படம் வரைகிறவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு ஆங்கிலப் பத்திரிகையில், சீமையில் மீசை நரைத்த பெரிய மனிதர்களெல்லாம் சின்னச் சின்ன டாங்கிகளையும் பகடைகளையும் வைத்துக்கொண்டு, என்றோ நடந்து முடிந்த யுத்தங்களை மறுபடி நடத்திப் பார்ப்பதைப் படித்திருந்தார். விதி என்று ஒன்று அச்சில் இருந்தால் போதும், அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எதிரே உட்கார ஆள்தான் இல்லை. கடப்பாக்கத்து மனைக்கு அளவு கேட்டு ஆபீசுக்கு வந்த தாண்டவராயன் முன்பு பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர் என்று தெரிந்ததும், ஆறு மாதம் இழுக்க வேண்டிய மனைப்படம் அன்றைக்கே கிடைத்தது. கூடவே காப்பியும் கிடைத்தது.

ஒரு வருஷமாகத் தீப்பெட்டிகளை டாங்கி என்று வைத்துத்தான் ஆடினார்கள். விதிகளில் ஒன்று மட்டும் தாண்டவராயன் மனதில் தைத்துவிட்டது. எதிரியைச் சுட வேண்டுமானால் முதலில் அவன் நம் கண்ணில் பட வேண்டும். படுகிறானா என்று பார்க்க, தரையில் குப்புறப் படுத்து, தன் டாங்கிக்குப் பின்னால் மோவாயை வைத்து, அதன் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் பகடையையே தொடக் கூடாது.

எழுபத்தேழாம் வருஷம், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் வாய் திறந்தார்.

"சார், ஒரு எடத்த வெச்சிப் பாக்கணும். நான் நின்ன எடம்."

அறுபத்தைந்து செப்டம்பரில், பஞ்சாபில், ஒரு கரும்புக் காட்டோரம் நின்றது அவருடைய ஷெர்மன் டாங்கி. பக்கத்தில் இன்னொரு ஷெர்மன். அதை ஓட்டியவன் சின்னராசு. இருவரும் கடப்பாக்கம், ஒரே வலை இழுத்தவர்கள். பட்டாளத்துக்குப் போகலாம் வாடா என்று அவனைக் கூட்டிப் போனதே தாண்டவராயன்தான். மூன்று ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை. எதிரே இருநூறு கெஜத்தில் ஒரு கால்வாய்க் கரை. டாங்கியின் தலைவர் உள்ளே வரைபடத்தில் குனிந்திருந்தார். பீரங்கிக்காரன் வலப்பக்கம் பார்த்திருந்தான். மூடியைத் திறந்து தலையை வெளியே வைத்து, நேர் எதிரே பார்த்தபடி இருந்தவர் தாண்டவராயன் ஒருவர்தான். கரைக்குப் பின்னால் எதிரியின் பேட்டன் டாங்கி ஒன்று வந்து நின்று, கரையின் ஒரு உடைப்பு வழியே சின்னராசுவின் டாங்கியைச் சுட்டது. சின்னராசு வெளியே வரவில்லை.

அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. அதற்கு முந்தின ஒரு நிமிஷம் நினைவில் இல்லை. கண் அசந்துவிட்டதா? இல்லை, கொட்டக் கொட்ட விழித்திருந்தாலும் கரை மறைத்திருக்குமா? மறைத்திருந்தால், தூங்கியிருந்தாலும் அவர்மேல் பழியில்லை. தெரிந்திருக்கும் என்றால், ஒரு சத்தம் போட்டிருந்தால் சின்னராசு வண்டியைப் பின்னுக்கு எடுத்திருப்பான். பன்னிரண்டு வருஷமாக இது ஒன்றுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

சின்னராசுவின் மனைவி பூவாயி கடப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். "நீ பக்கத்துல இருந்தியேண்ணா, அது போதும் எனக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டினால் தேவலாம் என்றிருக்கும் அவருக்கு.

பாலசுப்ரமணியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆறுதல் சொல்லவில்லை. அளவுகோலை எடுத்தார்.

"கரை எவ்ளோ உயரம்?"

"ஒம்பது அடி சார். மறுநா நானே கயிறு போட்டு எறங்கி அளந்தேன். நல்லா ஞாபகம் கீது."

"எல்லாத்தையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கா வைக்கலாம். கரை ஒன்றரை அங்குலம். இருநூறு கெஜம்னா எட்டடி நாலு அங்குலம், கூடத்துல இடம் இருக்கு. ஆனா இதுக்குத் தீப்பெட்டி உதவாது. நிஜ டாங்கி மாதிரியே ஒரு ஷெர்மன் பொம்மை, ஒரு பேட்டன் பொம்மை வேணும்."

மகாபலிபுரத்தில் வண்டி நாற்பது நிமிஷம் நிற்கும். கோயில் பார்க்க வருகிறவர்களுக்குச் சங்கு மாலையும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிற சடையன் கடையில், ஒரே பாக்கெட்டில் ஆறு பச்சை டாங்கிகள் தொங்கின. விலை ஒரு சாப்பாட்டு விலை. வயிற்றுப் பக்கம் இங்கிலீஷில் பெயர் போட்டிருந்தது. ஷெர்மனும் இருந்தது, பேட்டனும் இருந்தது.

"புள்ளைக்கா அண்ணாத்த?" என்றான் சடையன்.

"எனக்குத்தான்."

"உனக்கா? இன்னாத்துக்கு?"

"வெச்சிகினு பாக்கறதுக்கு" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு பாலசுப்ரமணியன் களிமண்ணில் கரை போட்டார். துடைப்பக் குச்சியை நறுக்கிக் கரும்பு நட்டார். தாண்டவராயன் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கரைக்கு மேலே பேட்டனின் தலை, கழுத்து, பாதி உடம்பு எல்லாம் தெரிந்தது. குருடன்கூடப் பார்த்திருப்பான்.

பிறகு பத்து நாள் வண்டி ஓட்டினார், அவ்வளவுதான் சொல்லலாம். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே வீடு திரும்பியது. திருக்கழுக்குன்றத்தில் விசிலை ஊதியும் நிற்காமல் போக, கண்டக்டர் அப்பாசாமி ஓடி வந்து, "இன்னா தாண்டவா, பேஜாரு பண்றியே, ஜனம் கத்துது பாரு" என்றார். அந்த மாதம் அவர் கடப்பாக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பதினோராவது நாள் பாலசுப்ரமணியன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். கையில் அந்த ஆறு டாங்கிகள்.

"மோசம் பண்ணிட்டேன் தாண்டவராயன். இதப் பாருங்க, ஆறும் ஒரே சைசு. பாக்கெட்டுக்கு ஏத்த மாதிரி வார்த்திருக்கான். பேட்டன் நிஜத்துல பத்தே முக்கால் அடி உயரம். இந்தப் பொம்மைய நம்ம கணக்குல பார்த்தா பதினஞ்சு அடி வருது. நிஜ பேட்டன் கரைக்கு மேல ஒண்ணே முக்கால் அடிதான், தாழ்வா இருக்கிற உங்க கண்ணுக்கு அது மறைஞ்சிருக்கலாம்."

"நீங்க அளக்கலியா சார்?"

"தூரத்த அளந்தேன், கரைய அளந்தேன். டாங்கிய அளக்கணும்னு தோணல. ஆயுசு முழுக்க நீளமும் அகலமும்தான். எங்க படத்துல உயரம்னு ஒண்ணு கிடையாதே" என்றார் அவர்.

தாண்டவராயனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு அடி கூட வைத்துப் பார்த்திருக்கிறோம் என்றால், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தூக்கைத் திறந்து சாப்பிட்டார்.

மறு ஞாயிறு ரயிலேறி மெட்ராசுக்குப் போனார்கள். மூர் மார்க்கெட்டில், வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையில், ஒட்டிச் செய்கிற டாங்கிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. பெரிய பெட்டியில் இருந்தது கண்ணைப் பறித்தது. அதன் விலை அரை மாதச் சம்பளத்தையும் பறித்திருக்கும். அதை விட்டு, ஓரத்தில் 1/72 என்று போட்ட சின்னப் பெட்டிகளைப் பாலசுப்ரமணியன் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு துண்டையும் அளவுகோலில் வைத்தார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ பொம்ம வாங்க வந்தியா, மனை வாங்க வந்தியா?"

சின்னதும் விலை கடித்தது. பேட்டன் பெட்டிகளில் ஒன்று மட்டும் மூலை நசுங்கிக் கிடந்தது. உள்ளே மூன்று சக்கரம் காணோம். விலையில் பாதி குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

"சக்கரம் போனா போவட்டும் சார். உசரம் சரியா கீதா?" என்றார் தாண்டவராயன்.

"பத்தே முக்கால். தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்ல."

அதையும் ஒரு ஷெர்மனையும் வாங்கினார்கள். பாதிக் காசு தருவதாகப் பாலசுப்ரமணியன் சொன்னதைத் தாண்டவராயன் ஒப்புக்கொள்ளவில்லை. இது தன் செலவு என்றார்.

ஒட்டிக் காயவைக்க ஒரு வாரம் ஆனது. அடுத்த ஞாயிறு பிற்பகல் கூடத்தில் எல்லாம் தயார். தாண்டவராயன் சுவரோரம் நின்றுகொண்டார்.

"நீங்க மொதல்ல பாருங்க சார். என்னால ஆவாது."

பாலசுப்ரமணியன் வேட்டியை மடித்துக்கொண்டு படுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கையை ஊன்றி எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"தெரியல, தாண்டவராயன். கரை முழுசா மறைக்குது. நீங்க முழிச்சிருந்தாலும் ஒண்ணும் பார்த்திருக்க முடியாது."

தாண்டவராயனுக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. கண் நிறைந்துவிட்டது. அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒருமுறை தானும் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. படுத்தார். ஷெர்மனுக்குப் பின்னால் மோவாயை வைத்தார்.

கரைக்கு மேலே, ஒரு நெல்மணி உயரத்துக்கு, பேட்டனின் தலை தெரிந்தது.

ஊரில் போகிறவன் வருகிறவனுக்கு அது தெரியாமல் போகலாம். டாங்கிக்காரனுக்கு அது போதும். அதைத் தேடித்தான் அவனை மூடியைத் திறந்து வைத்து உட்கார வைக்கிறார்கள். தெரிந்திருக்கிறது. அவர்தான் தூங்கியிருக்கிறார். சிமெண்டுத் தரை கன்னத்தில் சில்லென்று இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பாலசுப்ரமணியனின் கால்கள் பக்கத்தில் நின்றன. ஒரு கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தலைமுடி அளவுக்கும் கணக்குப் பார்க்கிற மனிதர் இவ்வளவு பெரிய நெல்மணியைப் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்துத்தான் இருக்கிறார். பார்த்துவிட்டு, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வாழ்நாளில் சொல்லாத ஒரு பொய் அளவை இவருக்காகச் சொல்லியிருக்கிறார். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கத் தாண்டவராயனுக்கு மனம் வரவில்லை.

"ஆமா சார்" என்றார், தரையிலிருந்தபடியே. "ஒண்ணும் தெரியல."