பச்சைக்கு மேல் பூசிய நீலம்

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் பப்பாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிடும்போது, சாம்பிராணி மணத்தையும் மீறிக்கொண்டு அவருடைய கைகளிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் வரும். சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் இரும்புச் சாமான்களை மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவிய கைகள் அவை. சவர்க்காரம், தேசிக்காய்ப் பாதி, தேங்காய்த் தும்பு என்று அம்மா எதைக் கொடுத்து உரசச் சொன்னாலும் நகக்கண்ணில் கறுப்பும் தோலில் வாசமும் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இருந்தே தீரும். "இந்தக் கையோடயோ நன்மை வாங்கப் போறீங்க?" என்று, நற்கருணைக்கு நீட்டப்போகும் கையைப் பார்த்து, அம்மா கோயில் வாசலிலேயே தொடங்கிவிடுவார். பப்பா கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆண்டவருக்கு இந்த வாசம் பழகிப்போச்சு" என்பார்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் குடியிருந்தோம். பப்பா கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். வாரத்தில் ஐந்தரை நாள் வெள்ளைச் சட்டையும் கறுத்தச் சப்பாத்துமாகத் திரிந்த அந்த மனிதர், மிச்ச ஒன்றரை நாளில் வேறு ஆளாகிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு எங்கள் வீட்டில் "கராஜ்" என்று பெரிய பெயர். அதற்குள் நின்றது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப் ஒன்று. போர் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் இலங்கையை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டிகளில் அதுவும் ஒன்று. பிறகு மலையகத்தில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு உழைத்து, கடைசியில் கோழிகள் முட்டையிடும் இடமாகிக் கிடந்ததைப் பப்பா பழைய இரும்பு விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அம்மாவின் கழுத்துச் சங்கிலி பற்றிய ஒரு பேச்சும் அந்தக் கதையோடு சேர்ந்து வரும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பப்பாவுக்கு இந்தப் பைத்தியத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்த சலீம் நானா. சனிக்கிழமைகளில் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். பின் இருக்கையில் கட்டிய சாக்குக்குள் எதையாவது கொண்டுவந்திருப்பார். இருவருக்கும் வேதவாக்கு "ஒறிஜினல்" என்ற ஒரே சொல்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அந்த வண்டியில் என்ன இருந்ததோ அதுவே இருக்க வேண்டும். ஒரு ஆணி பொருந்தினாலும் அதன் தலை வேறு மாதிரி இருந்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள். "வாகனத்தில பொய் ஈக்கப்படாது" என்பார் நானா. அந்த ஜீப்பில் பெற்றோல் தாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெற்றோல் விடுவதற்கு ஓட்டுபவர் எழுந்து நிற்க வேண்டும். அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்ன ஒரு உறவுக்காரரோடு பப்பா மூன்று மாதம் கதைக்காமல் இருந்தார்.

எல்லாவற்றையும் விட அவர்களைப் பிடித்து ஆட்டியது நிறம். மேலே தோட்டத்துச் சிவப்பு, அதற்குக் கீழே ஒரு மஞ்சள், அதற்கும் கீழே சாம்பல் என்று பூச்சு பூச்சாக இருந்ததை, சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மாதக்கணக்காக உரசினார்கள். ஒரு நாள் என்ஜினை மூடும் முன்மூடியில் மங்கலான இராணுவப் பச்சை வந்தது. அதற்கு மேல் வெள்ளை இலக்கங்களின் நிழல் தெரிந்தது. அந்த வண்டியின் பட்டாள இலக்கம் அது. பப்பா அலுவலகத்திலிருந்து மெல்லிய தாள் கொண்டுவந்து, நோயாளியின் நாடி பார்ப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இலக்கங்களைப் பென்சிலால் பிரதி எடுத்தார். அன்றைக்கு அவர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்து, "நாடு கிடக்கிற கிடையில இந்தப் பச்சை எங்களுக்குத் தேவையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அம்மா கேட்டது வீண் கேள்வி இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கொழும்பில் சந்திக்குச் சந்தி மணல்மூட்டை அடுக்கிய "செக்பொயின்ட்". வீட்டில் எத்தனை பேர், எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டும். பப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கிலுள்ள மன்னார் என்று இருந்தது. சுற்றிவளைப்புச் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் இரண்டு தடவை கராஜுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள்; அப்போது ஜீப் சக்கரமில்லாமல் கல்லின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்ததால் சிரித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பத்து வயதானபோது ஜீப் முழுதாக எழுந்து நின்றது. காலிமுகத்திடலில் பழைய வாகனங்களின் அணிவகுப்பு ஒன்று நடக்கவிருந்தது. அதற்கு வரச்சொல்லிப் பப்பாவுக்குக் கடிதமும் வந்திருந்தது. பச்சை அடித்து முடித்து, வியாழக்கிழமை பின்னேரம் முன்மூடியில் வெள்ளை இலக்கங்களைத் தானே எழுதினார். அந்தக் கிழமை முழுவதும் மழை. சனிக்கிழமை தொட்டுப் பார்த்தபோது வெள்ளையில் விரல் ரேகை பதிந்தது.

"சாக்கொண்டப் போட்டு மூடிட்டுப் போங்க தம்பி. அங்க போய்ச் சேந்த பொறகு எடுப்பம்" என்றார் நானா.

"பெயின்ட் இன்னும் காயேல்ல நானா. சாக்குப் பட்டா அச்சு விழுந்திடும்."

"அச்சு விழுந்தா விழட்டுமே! மன்னார்க்காரன் ஆமி நம்பரோட றோட்டில போறதை விட அது மோசமோ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

நானா பப்பாவைப் பார்த்தார், இலக்கங்களைப் பார்த்தார், சாக்கை மடித்து வைத்தார். உயிருக்குப் பயந்த காலத்தில் ஈரப் பூச்சுக்குப் பயந்த இரண்டு பேரை இன்றைக்கு நினைத்தால் கோபமும் வருகிறது, அதோடு ஒரு மரியாதையும் வருகிறது.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் புறப்பட்டோம். பப்பா கராஜ் வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையைப் போட்டுக் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தார். முன்கண்ணாடியை முன்மூடியின் மேல் மடித்துச் சாய்த்தால்தான் ஒறிஜினல் என்று முதலில் நினைத்தவர், இலக்கம் கெட்டுவிடும் என்று நிமிர்த்தியே விட்டிருந்தார். நான் பக்கத்தில். வழியில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கென்று நானா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். மழை விட்டிருந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பப்பாவின் முதுகு அவ்வளவு நேராக இருந்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

துறைமுகப் பக்கத்துச் செக்பொயின்ட்டில் தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்றவன் மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். பச்சை ஜீப்பையும் வெள்ளை இலக்கத்தையும் காக்கிச் சட்டையையும் கண்டவுடன், யோசிக்காமல் காலைச் சேர்த்து நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீருடை போட்ட ஒருவர் எங்களுக்கு மரியாதை செய்து அதுவரை நான் கண்டதே இல்லை. நான் இருக்கையில் எழும்பி நின்று, வலது கையை நெற்றியில் வைத்து, பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.

மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த சிப்பாய்கள் அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுடைய முகம் கறுத்தது. "பஹின்ன!" என்று சிங்களத்தில் எங்களை இறங்கச் சொன்னான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து வயதில் மூத்த அதிகாரி வந்தார். அணிவகுப்புக் கடிதத்தைப் பப்பா நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. இராணுவ அதிகாரிபோல வேடம் போட்டு இராணுவத்தைக் கேலி செய்கிறீர்களா என்று ஏசிவிட்டு, "கவுத சலியுட் கெஹுவே?" என்று கேட்டார். சல்யூட் அடித்தது யார்?

நான் பப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிப்பாய்க்குத் தெரியும், அடித்தது யார் என்று. ஒரு சின்னப் பெண்ணுக்கு ஏமாந்தேன் என்று சொல்ல அவனுக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பப்பா என் தலையில் கையை வைத்து, "மம தமய், மஹத்தயா" என்றார். நான்தான் ஐயா.

நானா என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். பப்பாவை ஐந்து நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். நானா நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். அம்மா சாப்பாட்டுப் பார்சலோடு தினமும் போய், சில நாள் கொடுத்துவிட்டும் சில நாள் திரும்பக் கொண்டுவந்தும் அழுதார். பப்பா வந்த அன்று அவருடைய கைகளில் மண்ணெண்ணெய் வாசம் இல்லை. என்ன நடந்தது என்று அவர் எங்களுக்கு ஒருபோதும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, நிறத்தை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜீப்பைத் திருப்பித் தந்தார்கள். பப்பா சந்திக் கடையில் கிடைத்த நீலத்தை, ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கும் அந்த வெளிறிய நீலத்தை, ஒரு வாளி வாங்கிவந்து தூரிகையால் பூசினார். ஒரு சொட்டு வழிந்தாலும் முழுக் கதவையும் மறுபடி உரசிய மனிதர், அன்றைக்கு இழுத்த கோடுகள் அப்படியே தெரியத் தெரிய, வழிந்தது வழிந்தபடி விட்டுவிட்டு, இலக்கத்தின் மேல் மட்டும் மூன்று தரம் பூசினார். நானா அதைப் பார்க்க மாட்டாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வந்தார். பிறகும் இருவரும் ஒயில் மாற்றினார்கள், கிறீஸ் பூசினார்கள், கராஜ் கதவைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி மட்டும் மறுபடி தெருவில் இறங்கவில்லை.

என்னைத் தின்றது அதுவல்ல. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அம்மா, "என்ன திமிருக்கு அண்டைக்குக் கையைத் தூக்கினீங்க? எங்களைப் பற்றி ஒரு நிமிசம் யோசிச்சீங்களோ?" என்று கேட்பார். பப்பா என் முன்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு, "பிழைதான்" என்பார். நானாவும் வாய் திறக்கவில்லை. நான் கோயிலில் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சுவாமி பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, அம்மாவிடமும் சொல்லிவிடு மகள் என்றார். மூன்றுக்குப் பதில் முப்பது சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா பப்பாவைக் குற்றவாளியாகவே நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் ஜீப்பை ஒருவர் வாங்க வந்தார். நகத்தால் நீலத்தைச் சுரண்டிப் பார்த்தார். "கீழ பச்சை இருக்கு. கவனமா உரசுங்க" என்று மட்டும் பப்பா சொன்னார். அதன் பிறகு அவரை நான் வெள்ளவத்தையில் என்னுடைய வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஒரு பின்னேரம் பல்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருடத்துக்கு மேல் விழுங்கி வைத்திருந்ததை எப்படியோ சொல்லிவிட்டேன். பப்பா, அண்டைக்குச் சல்யூட் அடிச்சது நான். அம்மாட்ட நீங்க எவ்வளவு ஏச்சு வாங்கினீங்க.

பப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதோ பிள்ளை? பக்கத்தில தானே இருந்தனான். எனக்கும் கை எழும்பினதுதான். நீ முந்திட்டாய், அவ்வளவுதான். நீ அடிக்காட்டி நான் அடிச்சிருப்பன்."

அவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அன்றைக்கு எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அப்படியென்றால் அது என்னுடைய பிழை மட்டும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஆசை, ஒரே குற்றம். அடுத்த வருடம் பப்பா போய்விட்டார்.

சென்ற மாதம், பப்பாவின் ஸ்பானர் சாவிகள் இருந்த பெட்டியைச் சலீம் நானாவுக்குக் கொடுக்கலாம் என்று கொட்டாஞ்சேனை வழியாக அவருடைய வீட்டுக்குப் போனேன். எங்கள் ஒழுங்கையில் இப்போது ஏழு மாடிக் கட்டடம். கராஜ் இருந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள். துறைமுகப் பக்கத்துச் செக்பொயின்ட் இருந்ததற்கு ஒரு மணல்மூட்டைகூட அடையாளமில்லை. ஜீப் எங்கே நிற்கிறதோ தெரியாது. நல்ல கையில் கிடைத்திருந்தால் பப்பாவின் நீலத்தை எப்போதோ உரசி எடுத்துப் பச்சையாக்கியிருப்பார்கள்.

நானாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மட்டும் கூர்மை. பழைய கதைகள் பேசினோம். "பப்பாவும் அண்டைக்குக் கையைத் தூக்கப் போனவராம், நானா. நான் முந்திட்டனாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பிடிச் செல்லினாரா?" என்று நானா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இல்ல மகள். நான் பொறத்தால நிண்டு பாத்தேன்தானே. நீங்க எழும்பின ஒடனே பப்பா ஒரு கையால உங்கட சட்டையப் புடிச்சி இருத்தப் பாத்தார். மத்தக் கை ஸ்டீரிங்ல." சொல்லிய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. பெட்டியைத் திறந்து சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

பஸ்ஸில் வரும்போது முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். இனிப் போய்க் கேட்க ஆளில்லை, திருத்திச் சொல்லவும் ஆளில்லை. ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் சொல்கிறேன்: சல்யூட் அடித்தது நான். பப்பாவின் கை எழும்பவே இல்லை.