ஏரிக்குள் கல்யாணப் பந்தல்

தேவராஜ் என்று ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். 'இருந்தார்' என்று மரியாதை போட்டு எழுதுவதே அவருக்கு அதிகம். அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் வரும் சித்தேரியின் கரையில் பிறந்தவர். அதில் நீச்சலடித்து, அதில் பிடித்த கெளுத்தியைத் தின்று வளர்ந்தவர். எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு காலையில் எழுந்து, இங்கே ஏரியே கிடையாது என்று சொல்லிவிட்டார். பெற்ற தாயைத் தெருவில் பார்த்து, யாரம்மா நீ என்று கேட்பவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

அதற்கு முன் மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்தது. அம்பத்தூர் எஸ்டேட் இரும்பு வார்ப்படப் பட்டறைகள் கொட்ட இடமில்லாமல் தவித்த கருப்பு மண்ணை லாரி லாரியாக வரவழைத்து, ஏரியின் ஒரு பக்கத்தை மேடாக்கினார். கல் நட்டார். 'தேவராஜ் நகர்' என்று பலகை வைத்தார். அதன் கீழே 'நல்ல தண்ணீர் வசதி உண்டு' என்று எழுதும்போதாவது கை கூசியிருக்க வேண்டாமா?

வாங்க வந்தவர்கள் தயங்கினால் பதில் தயாராக இருக்கும்.

"நானே இங்க ஊடு கட்டிகினு கீறேன். ஏரியா இருந்தா கட்டுவனா நைனா?"

கட்டினார். மாடி வீடு, சிங்க முகம் வைத்த கேட்.

உள்ளே முக்கால்வாசி விற்றதும் கண் வெளியே போயிற்று. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் கோடியில் தாழ்வான கற்சுவர் ஒன்று உண்டு. அதைக் கலங்கல் என்போம். அங்கிருந்து ஓடும் கால்வாயையும் தூர்த்து, கூலி வேலைக்கு வந்த ஏழைகளுக்கு மனையாக்கி விற்றார். அப்படிக் குடிசை போட்டவர்களில் டப்பா கம்பெனியில் வேலை பார்த்த முத்தம்மாள் ஒருத்தி. மழை பெய்தால் தண்ணீர் வருமே என்று அவள் கேட்டாள். உடனே கலங்கலின் மேல் செங்கல் சுவர் எழுப்பி அடைத்துக் காட்டினார் தேவராஜ். வெளியே போகாத தண்ணீர் உள்ளேதான் நிற்கும், உள்ளே இருப்பது தன் வீடு என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. அதற்குள் அவர் தன் பொய்யைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

தொண்ணூற்றாறு ஜூனில் மகள் நாகவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பூந்தமல்லி. மண்டபம் பிடித்திருக்கலாம். வீட்டு வாசலில்தான் பந்தல் என்று அடம் பிடித்தார். மிச்ச மனைகளை மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் தலையில் கட்டிவிடும் திட்டம். ஒரே மகளின் தாலியைக்கூட வியாபாரத்துக்கு விளம்பரமாக்கிய தகப்பன்.

கோடை முடியுமுன் அந்த வருஷம் வானம் கிழிந்தது. முகூர்த்தத்தன்று விடிந்தபோது பந்தல் முழங்காலளவு தண்ணீரில் நின்றது. மணைப்பலகை மிதந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனை நிறுத்திவிட்டுக் கரைமேல் குடை பிடித்து நின்றார்கள். ஏரி நிரம்பினால் பெண்கள் தட்டோடு வந்து தண்ணீரில் மஞ்சள் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். தேவராஜ் நகர் வந்தபின் விட்டுப்போன வழக்கம். அன்று யாரும் கூப்பிடாமலே தட்டோடு வந்துவிட்டார்கள்.

தேவராஜ் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு கலங்கலுக்கு ஓடினார். உடைத்தால் வெள்ளம் தங்கள் குடிசைகளில் பாயும் என்று, அடைத்த சுவரின் மேல் முத்தம்மாளும் குடிசைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, கல்யாணத்த உட்டுட்டு கடப்பாரையோட வந்துகீற?"

"எறங்குமே. கலங்கல ஒடைக்கணும்."

"ஏரியே இல்லாத ஊர்ல கலங்கல் ஏது?"

கூட்டம் சிரித்தது.

"பொண்ணு கல்யாணம்மே," என்றார் தேவராஜ். அந்தக் குரல் மட்டும் உண்மையாகவே உடைந்திருந்தது.

"அதுக்காவத்தான் சொல்றேன். சாமான்லாம் மேட்டுக்கு ஏத்திக்கிறோம், நீ ஒடைச்சுக்கோ. ஆனா இத்தினி பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லு. இது ஏரி, மனை போட்டு வித்து ஏமாத்துனது நாந்தான்னு."

தேவராஜ் திரும்பி, குடை பிடித்து நின்ற சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார்.

"இது மழைத் தண்ணி. தேங்கிகீது, அவ்ளோதான்."

முழங்கால் வரை நனைந்த கூறைப்புடவையோடு நாகவல்லி கரையேறி வந்தாள். "சொல்லிடு நைனா. நேரம் போவுது."

அவர் மறுபடி அந்தக் குடைகளைத்தான் பார்த்தார். பெண்ணின் கண்ணீரைப் பார்த்தும் திறக்காத வாய் எதற்கு?

அவர் மனைவி வேம்புலியம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். முகூர்த்தத் தட்டிலிருந்து மஞ்சளை அள்ளினாள். குனிந்து தண்ணீரில் கரைத்தாள்.

"ஏரி நெறஞ்சிடுச்சி," என்றாள்.

"நீ சொல்லி இன்னாம்மா, அவருல்ல சொல்லணும்," என்றாள் முத்தம்மாள். சுவரைவிட்டு இறங்கவில்லை.

வேம்புலியம்மாள் சம்பந்தியிடம் போனாள். "உங்க ஊட்டு வாசல்லயே தாலி கட்டிரலாம் சம்பந்தி. இவர நம்பி நின்னா பொண்ணு இங்கயே நின்னுடும்."

பெண்ணும் மாப்பிள்ளையும் வேனில் ஏறினார்கள். "வந்து ஏறு நைனா," என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள் நாகவல்லி. தேவராஜுக்குக் காது கேட்டது. ஆனால் ஏரிக்குள் மனை வாங்கிய ஒருவர் அவர் சட்டையைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் தண்ணீருக்குள் இழுத்துப்போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள்ல வடிஞ்சிரும் சார். சொன்னா கேளுங்க. இது ஏரியே இல்ல."

வேன் போயிற்று. பூந்தமல்லியில் மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.