வாந்தி யார் மேல் விழுகிறது?

டோரீன் வோய்ச்சிக் படத்தை நிறுத்திவிட்டு சோபாவிலிருந்து எழுந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து நிற்கிறாள். திரையில் ஓர் எலி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. பச்சை வாந்தி. வில்லாக வளைந்து அந்தரத்தில் நிற்கிறது. அது யார் மேல் விழப்போகிறது என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

‘சாக்கடை வாரியம்’ என்ற கார்ட்டூன் தொடரைப் பதினெட்டு வருடங்களாக அவள் வாராவாரம் விமர்சித்து வருகிறாள். ஓர் ஊரின் கழிவுநீர் வாரியத் தேர்தலில் எலிகள் ஜெயித்துவிடுகின்றன. அப்புறம் ஊரை எலிகள்தான் ஆள்கின்றன. இதுதான் கதை. குசு, ஏப்பம், மூக்குச்சளி, கெட்ட வார்த்தை எதற்கும் பஞ்சமில்லை. எபிசோடு தவறாமல் ஏதாவதொரு எலி வாந்தி எடுக்கும். அந்த வாந்தியை வைத்துத்தான் டோரீன் எபிசோடை எடைபோடுவாள். மேயர் மேல் விழுந்தால் நல்லது. தனி விமானம் கேட்டு உண்டியல் குலுக்கும் பாதிரியார் மேல் விழுந்தால் இன்னும் நல்லது. தரையைத் துடைக்க வந்தவள் மேல் விழுந்தால் டோரீனின் வாய் கோணிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் போடுவதைப் போல ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுவது அவள் தொழிலின் வழக்கம். தரை துடைப்பவளை நனைத்த எபிசோடு எதுவும் அவளிடம் சி-க்கு மேல் வாங்கியது கிடையாது.

ஒவ்வொரு எபிசோடையும் மூன்று தடவை பார்க்கிறாள். முதல் தடவை சிரிப்பதற்கு. இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாம் தடவை திரைக்கு முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டே, காதால் மட்டும். எழுதுவது இஸ்திரி மேசை மேல், நின்றுகொண்டு. முதுகுவலி உட்கார விடாது. காலையில் தரை ஓடு விற்கும் கடையில் வேலை. அவள் எழுதிவந்த நகர வாரப்பத்திரிகை மூடப்பட்ட பிறகு தேடிக்கொண்டது. விமர்சனத்தை இப்போது ஓர் இணையதளம் வாங்கிக்கொள்கிறது. கொடுக்கிற காசு அவள் குடிக்கிற காபிக்குக் காணும்.

முதல் தடவை பார்க்கும்போது கையுறை பின்னுவாள். மில்வாக்கி நகரத்துக் குளிருக்கு எத்தனை கையுறை இருந்தாலும் போதாது. நல்ல ஜோக் வந்தால் கை நின்றுவிடும், ஒரு கண்ணி நழுவும், அந்த இடத்தில் ஓட்டை விழும். அவளிடம் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் இது தெரியும். “விரல்ல காத்து போகுது டோரீன்” என்றால், “அது மூணாவது சீசன் கடைசி எபிசோடு. ஒழுங்கா வச்சுக்கோ” என்பாள்.

இணையத்தில் அவளைத் திட்டுகிறவர்களுக்கு அவள் ஒருவர் விடாமல் பதில் எழுதுகிறாள். “ஏ கிழவி, போய் ஸ்வெட்டர் பின்னு” என்று ஒருவன் எழுதியிருந்தான். “பின்னிக்கிட்டுத்தான் பாத்தேன். உனக்குப் பிடிச்ச அந்த ஜோக்குல ஒரு கண்ணிகூட நழுவல தம்பி” என்று பதில் போட்டாள். அந்தத் தம்பி இப்போது அவளுடைய நிரந்தர வாசகன்.

அவளுக்கு நிஜமான எதிரி இணையத்தில் இல்லை. நான்கு தெரு தள்ளி இருந்தாள். கொரின் ஹேபர்மன், தேவாலயத்தின் குடும்ப ஒழுக்கக் குழுத் தலைவி. தொடரை நிறுத்தச் சொல்லித் தொலைக்காட்சி நிலையத்துக்கு வருடந்தோறும் மனு அனுப்புகிறவள். வருடந்தோறும் டோரீன் அந்த மனுவைத் தன் பத்தியில் தோலுரித்தாள். ‘குசுச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்கிறீர்கள். மருந்து வாங்க வக்கில்லாமல் போன வருடம் நம் பகுதியில் ஒரு பிள்ளை செத்தானே, அதற்கு எந்த நிலையத்துக்கு மனு போட்டீர்கள்? உங்கள் காதுக்கு எது அசிங்கமாகக் கேட்கிறது, எது கேட்பதே இல்லை என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?’ அவள் இப்படித்தான் எழுதுவாள். கொரின் அந்தப் பத்திகளைப் படித்தாளா என்பது தெரியாது. கடையில் எதிர்ப்பட்டால் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பிப்ரவரியில் வந்த எபிசோடு எல்லாவற்றையும் குழப்பிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் மதுக்கடையில் இறைச்சிக் குலுக்கல் நடக்கும். கசாப்புக்கடைக்காரர் பொட்டலங்கள் கொடுப்பார். எண் எழுதிய சின்ன மரத்துடுப்பை ஆளுக்கொன்றாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு உட்காருவோம். சக்கரம் சுற்றும், எண் விழுந்தவருக்குப் பன்றி விலாவோ ஒரு பை தொத்திறைச்சியோ கிடைக்கும். சேரும் பணம் நோயாளிக்கு. எபிசோடு இதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. சிறுநீரகம் கெட்ட ஓர் ஆளுக்காக எலிகள் குலுக்கல் நடத்துகின்றன. மேசையில் இறைச்சி தீர்ந்துபோகிறது. உடனே அந்த ஆளின் சிறுநீரகத்தையே அறுத்து, வெள்ளைத் தாளில் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டிப் பரிசாக வைத்துவிடுகின்றன. கடைசியில் தலைவர் எலி குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறது.

டோரீன் படத்தை நிறுத்தினாள். எழுந்தாள். குனிந்து பார்த்தாள். வாந்தி நோயாளி மேல் விழுந்திருந்தது.

அவள் போட்டது எஃப். பதினெட்டு வருடத்தில் முதல் எஃப். ‘சிறுநீரகப் பொட்டலம் வந்தபோது நான் சிரித்தேன், கையுறையில் ஓட்டை இருக்கிறது, மறுக்க மாட்டேன்’ என்று விமர்சனத்தைத் தொடங்கினாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். ‘ஒரு மனிதன் ஏன் பன்றிக்கறியைக் குலுக்கி உயிர் பிழைக்க வேண்டியிருக்கிறது? காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், இந்த மருந்து உனக்கு அவசியமில்லை என்று முத்திரை குத்தினான், அதனால். அந்தக் கட்டடத்துக்கு வழி தெரியாதவர்கள் அல்ல இந்தத் தொடரை எடுப்பவர்கள். இரண்டாவது சீசனில் அதற்குள் புகுந்து, அங்கிருந்த நாற்காலிகளை எல்லாம் நனைத்தவர்கள்தான். இன்று அதன் வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், எல்லோரையும் சமமாகத்தான் கேலி செய்கிறோம் என்பார்கள். நடுமாடியில் நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கீழே கவிழ்த்துவிட்டு, எல்லோர் மேலும் சமமாகத்தான் ஊற்றினேன் என்கிறான் ஒருவன். மேல்மாடியில் இருப்பவன் எப்படி நனைவான்?’

மறுநாள் தொலைபேசி ஒலித்தது.

“டோரீனா? நான் கொரின் பேசுறேன். உங்க விமர்சனத்தப் படிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இத்தனை வருஷம் கழிச்சு கடைசியில உங்களுக்கும் புரிஞ்சிருச்சே.”

“எது புரிஞ்சிருச்சு?”

“இது எவ்வளவு அசிங்கமான தொடர்னு!”

“கொரின், நான் எழுதினத முழுசாப் படிச்சீங்களா?”

“எஃப் போட்டிருக்கீங்களே. வேற என்ன வேணும்? இந்த வருஷ மனுவுல முதல் கையெழுத்து உங்களுதா இருந்தா நிலையத்துக்காரங்க மறு பேச்சு பேச முடியாது. ஞாயித்துக்கிழமை ஆர்லன் குலுக்கல்ல கொண்டு வரேன்.”

போனை வைத்த பிறகு டோரீன் சமையலறையில் நின்று, தொடரில் வருகிற அத்தனை கெட்ட வார்த்தைகளையும் ஒரு சுற்றுச் சொல்லி முடித்தாள்.

ஆர்லன் புரோக்நோ, பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் ஆட்டத்தில் அவளுடைய அணிக்காரன். பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுது பார்த்தவன். கார்ட்டூனில் வந்ததைப் போலவே அவனுக்கும் சிறுநீரகம்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை அவனுடைய காப்பீட்டு நிறுவனம் இரண்டு முறை மறுத்துவிட்டது. மதுக்கடையில் இடம் போதாதென்று குலுக்கலைத் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வைத்திருந்தார்கள். கூடத்தின் சாவி கொரினிடம். வழிபாடு நடக்கும் மேல்தளத்துக்கு டோரீன் படியேறி வருடக்கணக்காகிறது. கீழ்த்தளத்துக்கு வராமல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஆர்லன் முகம் வீங்கி, மஞ்சள் பாய்ந்து, சுவரோரத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். டோரீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்ன டோரீன், எனக்காக டிவிக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னியாமே?”

“உனக்காக ஒண்ணும் இல்ல. பெரிய ஆளுன்னு நெனச்சுக்காத.”

“நானும் பாத்தேன். கிட்னிய பொட்டலம் கட்டி வச்சான் பாரு, விழுந்து விழுந்து சிரிச்சேன். நர்ஸு பயந்து ஓடி வந்துருச்சு. நீ?”

“சிரிச்சேன். அதான் எரியுது.”

“சிரிச்சுட்டு எஃப் போட்டியா? அடிப்பாவி!”

“சிரிக்க வைக்கத் தெரிஞ்சவனப் பாத்துத்தான்டா கேக்கணும், யாரப் பாத்துச் சிரிக்க வைக்கிறேன்னு. தெரியாதவனக் கேட்டு என்ன ஆகப்போகுது?”

“போ டோரீன். உன்கூடப் படம் பாக்கறதும் ஒண்ணு, பரீட்சை எழுதறதும் ஒண்ணு.”

கொரின் வந்தாள். அட்டையில் செருகிய மனுவை அவர்கள் மேசையில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

“உங்களுக்குன்னு முதல் வரிய விட்டு வச்சிருக்கேன்.”

“எஃப் போட்டதுக்கு நான் சொன்ன காரணம் இதுல எங்கேயும் இல்லையே கொரின்.”

“காரணம் எதுவா இருந்தா என்ன? முடிவு ஒண்ணுதானே.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஏப்ரல்ல ஆர்லனுக்கு இன்னொரு குலுக்கல் வைக்கணும்னு கேட்டிருக்காங்க. கூடம் குடுக்கறது குழு கையிலதான் இருக்கு. குழுவுல சிலருக்கு உங்க பழைய கட்டுரையெல்லாம் இன்னும் மனசுல இருக்கு. அவங்ககிட்ட எனக்கும் எதையாவது காட்டணும்ல?”

சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். நோயாளியின் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பேரத்துக்கு வைக்கிறோம் என்ற கூச்சம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் இவ்வளவையும் பேசி முடித்திருந்தாள். ஒழுக்கக் குழுவின் கணக்கில் இது சுத்தமான பேச்சு. டோரீனுக்குக் காது சிவந்தது.

ஆர்லன் அவள் முழங்கையைத் தொட்டான். இப்போது அவன் விளையாடவில்லை.

“போட்டுரு டோரீன். ஒரு கையெழுத்துதான. அவனுங்க தொடர் நின்னா நிக்கட்டும், எலிக்கு என்ன குறைச்சல். எனக்கு ஏப்ரல்ல இந்த இடம் வேணும்.”

அவள் அவனைப் பார்த்தாள். கோட்டுக்குள் அவன் பாதியாகியிருந்தான். எழுத வேண்டியதை எல்லாம் எழுதிப் பெயர் வாங்கியவள் அவள். ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்க வேண்டியவன் அவன். கையெழுத்துப் போட்டால், பதினெட்டு வருடம் எதை எதிர்த்து எழுதினாளோ அதன் தலையில் அவள் பெயர் உட்காரும். போடாவிட்டால் அந்தப் பெருமைக்கு இவன் விலை கொடுப்பான்.

மனுவைக் கையிலெடுத்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் சொல்லிலிருந்து மெதுவாகப் படித்தாள்.

‘கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் தெரிவித்துக்கொள்வது: சாக்கடை வாரியம் நம் வீடுகளுக்குள் புகுந்து குடும்பங்களைச் சீரழிக்கிறது. நோயுற்றவர்களின் துன்பத்தில் காசு பார்க்கிறது. இதை நடத்துகிறவர்கள் இலாபத்துக்காக மனசாட்சியை விற்றவர்கள். இந்த அருவருப்பை இனியும் நம் ஊர் சகித்துக்கொள்ளலாகாது.’

இன்னொரு முறையும் படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க கொரின்” என்றாள். கேலி இல்லாமல், நிஜமாகவே சொன்னாள்.

“அப்படியா?” கொரினின் முகம் மலர்ந்தது.

“ஒரே ஒரு இடம்தான் தப்பா இருக்கு.”

பேனாவை எடுத்தாள். ‘சாக்கடை வாரியம்’ என்ற இரண்டு சொற்களின் மேல், கோணாமல், ஒரே கோடு கிழித்தாள். அதன் தலைக்கு மேலே ஆர்லனின் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை, கூடத்தின் மறுகோடியில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி, கொட்டை எழுத்தில் எழுதினாள். வேறு ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவளுக்கென்று விட்டுவைத்திருந்த முதல் வரியில் முழுப்பெயரையும் போட்டு, தேதியிட்டாள்.

ஆர்லன் எட்டிப் பார்த்தான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டான்.

கொரின் குனிந்து படித்தாள். முதலில் வேகமாக. பிறகு, தானே எழுதிய வாக்கியங்களின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக. மேடையில் யாரோ ஓர் எண்ணைக் கூவினார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

டோரீன் முதல் வரிக்குக் கீழே காலியாக இருந்த இரண்டாவது வரியைச் சுட்டுவிரலால் காட்டினாள். பேனாவின் முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்து, கொரினிடம் நீட்டினாள்.