ஒரே அளவுக்கு இரண்டு படங்கள்

ஊக்கு, கொக்கி, ஜிப் என எந்த உலோகமும் நுழையக்கூடாத அந்த ஆஸ்பத்திரி அறையில் பதினோரு வருடமாகக் கருவி இயக்குகிறவள் அக்கா. இன்று அந்தப் பெரிய தொப்பி போன்ற கருவிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவன், வலிப்பு வந்து வந்து துவண்டுபோன அவளுடைய சொந்தத் தம்பி.

மூளைக்குள் ஓடும் மின்சாரம் மண்டைக்கு வெளியே விடும் இம்மியளவு காந்தப்புலத்தைத்தான் கருவி அளக்கும். அது எங்கிருந்து கிளம்பியது என்று கணினி ஊகித்துப் படம் போடும். வலிப்பு கிளம்பும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி காதுக்கு மேலே விழுந்தது. மனசு கேட்காமல் இன்னொரு கணக்குமுறையிலும் போட்டுப் பார்த்தாள். அதே அளவுகள்தான், புள்ளியோ பேச்சு பிறக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் கத்தி வைக்கப்போகிற அறுவை டாக்டர் போனில் அவசரப்படுத்தினார். "எப்பவும்போல ஒரு படம் அனுப்பிடும்மா."

"ரெண்டு வருது சார். ரெண்டுமே பொருந்துது."

"இத்தனை வருஷத்துல நீ இப்படிச் சொன்னதே இல்லையே?"

அவள் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "என்னக்கா, மண்டைக்குள்ள ஏதாவது இருக்கா, இல்ல காலியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோன மற்றவர்களுக்கு அவள் ஒருநாளும் இன்னொரு கணக்குமுறையில் போட்டுப் பார்த்ததில்லை.