பாப்பா சிஸ்டரின் சொட்டுக் கணக்கு

பாப்பா சிஸ்டர் என்ற பெயருக்கு அவள் உருவம் காரணமில்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குழந்தைகள் வார்டிலேயே குப்பை கொட்டியவள். அங்கே டிரிப்ஸ் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழந்தைகளுக்கான குழாயில் சொட்டு பொடிசாக விழும். அறுபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ஆகவே மணிக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதுகிறாரோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

பெரியவர்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள். இதயம் பலவீனமான ஒரு தையல்காரருக்கு மணிக்கு அறுபது மில்லி போகவேண்டும். பழக்க தோஷம், நிமிஷத்துக்கு அறுபது சொட்டு வைத்துவிட்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனவள், திரும்பி வர ஒன்றரை மணி நேரமாயிற்று.

"நேத்து ஒரு பாட்டில் ஏறவே பொழுது போயிடுச்சு. உங்க கைராசி, சட்டுனு இறங்குதும்மா!" என்றாள் தையல்காரரின் மனைவி.

பாராட்டில் குளிர்ந்துபோய்ப் பாட்டிலைப் பார்த்தாள். சாயங்காலம் வரை வரவேண்டிய பாட்டில் அதற்குள் பாதி காலி. சொட்டு குண்டு குண்டாக விழுந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் குழாயில் இருபது சொட்டே ஒரு மில்லி. மூன்று மடங்கு வேகம்! பாய்ந்துபோய்க் குழாயை அடைத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

தையல்காரர் இருமினார். ஏறிய நீரை இதயம் தாங்காமல் மூச்சு வாங்கியது. நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்ஸிஜன் மாட்டி, டாக்டரை அழைத்தாள். நோய் முற்றிவிட்டது என்று டாக்டரே நினைத்துக்கொள்ளட்டும், வாயைத் திறக்காதே என்றது பாழாய்ப்போன மனசு.

"மூணு மடங்கு வேகமா விட்டுட்டேன், டாக்டர். என் தப்பு."

டாக்டர் முறைத்தார், நீர் பிரிய ஊசி போட்டார். அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் உயிர் போய் வந்தது. கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை மெல்ல நிறைந்து, அவர் தலையணையில் சாய்ந்து கண் மூடியபோதுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

சாயங்காலம் டாக்டர், முதலில் எழுதியதில் பாதி வேகத்தில் மறுபடி ஏற்றச் சொன்னார்.

"நிமிஷத்துக்குப் பத்தே சொட்டும்மா," என்றாள் பாப்பா சிஸ்டர்.

"நானே எண்ணிப் பார்த்துக்கறேன்," என்றாள் தையல்காரரின் மனைவி.

சுருக்கென்று தைத்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள். அந்த அம்மா உதடு அசைய எண்ணினாள்.

"சரியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை எண்ணட்டுமா?"

"எண்ணுங்கம்மா," என்று அங்கேயே நின்றாள் பாப்பா சிஸ்டர்.