வர்றவன் தானா வரட்டும்

எங்கள் குப்பத்தில் யாராவது செத்துப்போனால், அடக்கம் முடியும் வரை ஒரு படகும் கடலுக்குப் போகக் கூடாது. மாதா கோயில் மணி விட்டு விட்டு அடிக்கும். எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு கரைக்கு வந்தவன்கூட அப்படியே திரும்பிப் போய் வீட்டில் இறக்கி வைத்துவிடுவான். செத்தவர் நல்லவரா, கெட்டவரா என்ற பேச்சே கிடையாது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போன ஒன்று.

என் நைனாவுக்கு மட்டும் பழகவில்லை.

நைனாவுக்கு எதுவுமே கூட்டத்தோடு பழகவில்லை. "ஊரே சொல்லுது நைனா" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கும் வலையைக் கீழே போட்டுவிடுவார். "ஊருக்கு வாய் கீதா? எவன் சொன்னான், அவன் பேரைச் சொல்லு." பேரைச் சொன்னால், அவன் சொன்னது சரியா தப்பா என்று அரை மணி நேரம் பேசுவார். தேர்தல் வந்தால் குப்பம் கூடி இந்தத் தடவை இன்ன கட்சிக்கு என்று முடிவு செய்யும். எல்லாப் படகிலும் ஒரே கொடி பறக்கும். எங்கள் படகு மட்டும் மொட்டையாக நிற்கும். காசிமேட்டில் பாதிப் பேர் ஏதாவதொரு ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிடித்த மீனை அவரிடம்தான் கொடுத்தாக வேண்டும். நைனா யாரிடமும் வாங்க மாட்டார். அதனால் அவருக்கென்று ஏலக்காரரும் கிடையாது. மீன் மலிந்த நாளில் கூடையோடு வெயிலில் நிற்பார். பக்கத்தில் நின்று அம்மா திட்டுவதை இங்கே எழுத முடியாது.

அவரைக் கஞ்சன் என்று யாரும் சொன்னதில்லை. திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியை யாரும் கேட்பதற்கு முன்பே போய்க் கொடுத்துவிடுவார். "கேட்டுக் குடுத்தா அது வரி. கேக்காத குடுத்தா நான் குடுத்தது" என்பார். இந்த மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பேஜாரு என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

கல்லூரியில் ஒரு வகுப்பில், தனிமனிதன்தான் முதல், சமூகம் அவனுக்கு அப்புறம்தான் என்று வாதாடியவர்களைப் பற்றிப் பாடம் வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன்: "நீ சொல்றதையே வெளிநாட்டுல பெரிய பெரிய புஸ்தகமா எழுதிக்கீறாங்க நைனா." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவனுக்கு அவன் ஊர்ல எவன்கிட்ட இன்னா பேஜாரோ" என்றார்.

இப்போது நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அங்கேயும் ஒருவர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து, லோடு ஏற்றுகிறவர்களை உட்காரவைத்து, "உங்களுக்கு நீங்கதான் முதலாளி. உங்க திறமையை நம்புங்க, கூட்டத்தை நம்பாதீங்க" என்று பேசினார். அடுத்த வாரமே ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டு, பழைய கூலியைவிடக் குறைவாக ஒப்பந்தம் போட்டார்கள். நைனா அந்தப் பேச்சைத் தனக்குச் சொல்லிக்கொண்டவர், அதற்கான நஷ்டத்தையும் தானே பட்டவர். இந்த ஆள் அதை அடுத்தவனுக்குச் சொல்லி லாபம் பார்க்கிறார். இரண்டும் ஒன்றில்லை.

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது குப்பத்தில் ஒருவர் செத்துப்போனார். குடித்துவிட்டுப் பெண்டாட்டியின் கையை ஒடித்தவர். மணி அடித்தது, எல்லாப் படகும் நின்றது. நைனா மட்டும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் பெரியவர்கள் கூட்டம் போட்டு அவரை நடுவில் நிறுத்தினார்கள்.

"அவன் பொண்டாட்டி கைய ஒடிச்சப்ப எவனும் தொழில நிறுத்தல. செத்ததுக்கு நிறுத்தணுமா?" என்று கேட்டார் நைனா. "மனசுல ஒன்னியும் இல்லாம வூட்ல குந்திகினு கீறது துக்கமா? நான் செத்தா எனக்காக எவனும் நிறுத்த வேணாம். வர்றவன் தானா வரட்டும்."

கூட்டத்தில் சிரித்தார்கள். அபராதம் போட்டார்கள். ரொம்ப நாளைக்கு எங்கள் படகில் ஏற ஆள் வரவில்லை. என் மாமாவும் நைனாவுமாக இரண்டே பேர் கடலுக்குப் போய் வந்தார்கள்.

அதே நைனாதான், புயலுக்குப் பிறகு ஒரு படகு காணாமல் போனபோது, தேடிப்போன எல்லாரும் கைவிட்டுத் திரும்பிய பிறகும் தனியாகப் போனார். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்த பையனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பையனின் அப்பா நடுத்தெருவில் நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "எந்திரிய்யா, எனக்குத் தோணுச்சு, போனேன்" என்று நைனா வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஆட்டோவில் என் மடியிலேயே முடிந்துபோனது.

விடியும் முன்பே பெரியவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். மாலை போட்டார்கள். மூத்தவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் நைனா அன்னிக்கு கூட்டத்துல ஒரு வார்த்த சொன்னாரு. எல்லாருக்கும் ஞாபகம் கீது. இப்போ நீ இன்னாம்மா சொல்ற? நிறுத்துன்னா நிறுத்திடறோம்."

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "நிறுத்தச் சொல்லுடி! அந்த ஆளு ஆயிரம் பேசுவாரு!"

அந்த வாரம் நல்ல மீன்பாடு. அதற்கு முன்னால் பல வாரம் வெறும் வலையோடு திரும்பியவர்கள் எல்லாரும். எனக்கு அது தெரியும். இருந்தாலும் நான் நம்பினேன். கட்டாயம் இல்லாவிட்டாலும் முக்கால்வாசிப் பேர் நிற்பார்கள், அவர் பேசியதெல்லாம் சரி என்று இன்றைக்கு இந்தக் குப்பத்துக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன். "நைனா சொன்னபடியே இருக்கட்டும்" என்றேன்.

பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தம் யாருடைய படகு என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

பெண்கள் வந்தார்கள். இழவு வீட்டுக்குப் போகாமல் அவர்களால் இருக்க முடியாது. ஆண்கள்தான் இல்லை. எங்கள் சந்துக்குள் வேன் வராது, பெட்டியை ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மாமா ஒரு பக்கம் பிடித்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒரு பக்கம். மூன்றாவது ஆள், வலை அறுந்த சண்டையில் நைனாவோடு பல வருஷமாகப் பேசாதவர். ஏன் கடலுக்குப் போகவில்லை என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. நான் போய்த் தோள் கொடுத்தேன். பொம்பளை தூக்குவதா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். ஜெபம் சொல்ல வந்திருந்த பங்குச் சாமியார் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

காப்பாற்றப்பட்ட அந்தப் பையனின் அம்மா கூட்டத்தில் இருந்தாள். கடைசி வரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவள் வீட்டுப் படகும் போயிருந்தது.

சாயங்காலம் கரை திரும்பிய ஆண்கள் குளிக்காமலேயே வந்து சந்தில் நின்றார்கள். "அவரு சொன்னதத்தாம்மா செஞ்சோம். அவரு வார்த்தைக்கு மரியாதை குடுத்தோம்" என்று பையனின் அப்பா சொன்னார். கண் கலங்கியிருந்தது. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதையும் இருந்திருக்கும், பழைய கோபமும் இருந்திருக்கும், மீன்பாடும் இருந்திருக்கும். கட்டாயம் இல்லாமல் தனக்காக எத்தனை பேர் நிற்பார்கள் என்று நைனா ஒருநாள் தெரிந்துகொள்ள நினைத்திருக்கலாம். தெரிந்துகொண்டது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் பொறுக்க முடியாமல் அழுகை வருகிறது.

என்னை மறுபடி கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அவருடைய சாவு, அவர் சொன்ன வார்த்தை. அதை மாற்ற நான் யார்? ஆனால் அம்மா ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா புடவையைக்கூட மாற்றாமல் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு மீன் ஆய உட்கார்ந்தாள். தலையைத் தூக்காமலேயே பேசினாள்.

"நான் போனா நீ ஒன்னியும் யோசிக்காத. மணி அடிச்சவுடனே அத்தினி படகையும் நிறுத்தச் சொல்லு. ஒண்ணுகூட அசையக் கூடாது."

"கட்டாயத்துக்கு வந்து நிப்பாங்கம்மா. அதுல இன்னா..."

"நிக்கட்டும். பொய்யா அழுவட்டும். என்னைத் திட்டிகினே வரட்டும். எனக்கு கூட்டம் வேணும். உன் நைனாவ அனுப்புன மாதிரி என்ன தனியா அனுப்பிடாதடி."

நைனா இருந்திருந்தால் விடிய விடிய அவளோடு வாதாடியிருப்பார். நான் சரிம்மா என்றேன்.