குறுக்க படுத்துக்கிட்ட பேத்தி

என் மக திர்ஸாவுக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலு வாசப்பக்கம் திரும்பித்தான் இருக்கும். பொம்பளை கடலுக்குப் போனா ஆகாதுன்னு எங்க மீன்பிடி ஊரு ஃபிளாம்பரோவுல எல்லாரும் மொணமொணத்தாங்க. என் தோள்பட்டை ஒடிஞ்ச வருஷம் அவதான் படகை எடுத்தா. கூடை கூடையா நண்டைக் கொண்டாந்து கொட்டினதும் மொணமொணப்பு அடங்கிப்போச்சு.

எங்க படகு கரையேறும்போது பின்பக்கத்தை முன்னால விட்டுத்தான் வரும். மூக்கு ஆழம், பின்னாடி தட்டை. அதனால அலை உடையிற இடத்துக்கு வெளியிலயே திருப்பிக்கணும். திருப்புறப்போ கொஞ்ச நேரம் படகு அலைக்குக் குறுக்க நிக்கும். அதைத்தான் நாங்க 'அத்வார்ட்'னு சொல்லுவோம். அந்நேரம் பெரிய அலை வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. "இப்பத் திருப்பு!"ன்னு திர்ஸா போடுற சத்தம் மேட்டுல இருக்குற சாராயக்கடை வரைக்கும் கேக்கும்.

கரையிலயும் அந்தப் பேச்சுதான். சந்துல வண்டி குறுக்க நின்னா அத்வார்ட். படகுல குறுக்கப் போட்டு உக்கார்ற பலகைக்குப் பேரு த்வார்ட். நம்ம காரியத்துக்குக் குறுக்க ஒருத்தன் விழுந்தாலும் த்வார்ட் பண்ணிட்டான்னுதான் சொல்லுவோம்.

மரம் ஏத்திக்கிட்டு வந்த கப்பல்ல வந்த நார்வேக்காரன் தோர்லைஃப். திர்ஸாவைக் கட்டிக்கணும்னு கேட்டு எங்க சமையக்கட்டுல வந்து உக்காந்தவன், இந்த வார்த்தை காதுல விழுந்ததும் சிரிச்சான்.

"மாமா, இது எங்க வார்த்தை. நாங்க 'த்வெர்ஸ்'ம்போம். ஆயிரம் வருஷம் முன்னாடி எங்க ஆளுங்க படகுல வந்தப்போ இங்க விட்டுட்டுப் போனது."

"வந்து ஊரையே கொள்ளையடிச்சீங்க. விட்டுட்டுப் போனது இதுதானா?"

"மிச்சத்தைக் கொண்டுபோகத்தானே இப்ப வந்திருக்கேன்"னான். திர்ஸா கையில இருந்த கரண்டியாலயே அவன் முதுகுல ஒண்ணு போட்டா.

அவனையே கட்டிக்கிட்டா, இப்ப நிறைமாசம். போன வாரம் நர்ஸம்மா அவ வயித்தைத் தடவிப் பாத்துட்டு இன்னொருக்கா அமுக்கிப் பாத்தாங்க. அப்புறம், "பிள்ளை குறுக்க கிடக்கு. தலை இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம். இப்படியே வலி எடுத்துட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து"ன்னாங்க.

"அத்வார்ட்டா?"ன்னேன்.

"த்வெர்ஸ்"னு மாப்பிள்ளை முணுமுணுத்தான். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மேலிருந்து கையாலயே அமுக்கித் திருப்பிப் பாத்தாங்க. பிள்ளை பாதி திரும்பிட்டு மறுபடி பழைய மாதிரியே போய்ப் படுத்துக்கிச்சு. மறுநாள் ஒருக்காப் பாப்பாங்களாம், ஆகலைன்னா கத்தியாம். ராத்திரி பூரா திர்ஸா ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாளாம். நான் வீட்டுல வலையைப் பிரிச்சேன், திரும்ப முடிஞ்சேன், திரும்பப் பிரிச்சேன்.

காலையில மாப்பிள்ளை அவ கையைப் பிடிச்சுக்க உள்ளே போனான். போன வேகத்துல வெளிய வந்து சுவத்தோரமா சரிஞ்சு உக்காந்துட்டான்.

"என்னடா, புயல்ல கப்பல் ஓட்டினவனாமே நீ?"

"புயல் பரவாயில்ல மாமா. நீங்க போங்க."

போனேன். திர்ஸா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு மொறைச்சா.

"அப்பா, எதுனா சொல்லு. என்னால சும்மா கிடக்க முடியல."

"கிட. இன்னிக்குத் திருப்புறது அவங்க. நீ பலகை."

"பலகையா நானு?"

"வாயில்லாத பலகை."

அவ சிரிச்சுட்டா. "அப்படியே, வயித்தை இறுக்காம இருங்க"ன்னு டாக்டரம்மா ரெண்டு கையையும் வச்சுத் தள்ளினாங்க. திர்ஸாவோட நகம் என் மணிக்கட்டுல பதிஞ்சுச்சு. வயித்துல ஒரு மேடு எழும்பி மெதுவா நகந்து கீழ இறங்கிச்சு.

"தலை கீழ வந்துருச்சு"ன்னாங்க டாக்டரம்மா. மறுபடி நழுவிடக் கூடாதுன்னு அன்னிக்கே பிரசவ வலி எடுக்க மருந்து ஏத்திட்டாங்க. மருத்துவச்சி, நர்ஸுன்னு ஆளு மாறி ஆளு வந்தாங்க, போனாங்க. என்னை வெளிய தள்ளிட்டாங்க. நானும் மாப்பிள்ளையும் வராந்தாவுல ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கிட்டு நடந்தோம்.

சாயங்காலம் பேத்தி பொறந்தா. தலைதான் முதல்ல வந்துச்சு. திர்ஸா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறா. துணியில சுத்தி என் கையில கொடுத்தாங்க. ஐயோ, அந்த மூக்கு!

"மாமா, கொஞ்சம் கொடுங்க."

"இருடா, நான் இன்னும் ஒரு காதைத்தான் பாத்திருக்கேன்."